40 ரூபாய் பேட்டரியும் பெரியப்பாவின் பாமினி கோப்புகளும்

கும்பகோணத்தில் இருக்கும் பெரியப்பாவின் சிஸ்டத்தை சென்னையிலிருந்து போனிலேயே பார்த்துக்கொள்வது என் வேலை. அந்த சிஸ்டத்தில் ஒரு சின்ன பேட்டரி செத்தது. கடைசியில் 18,000 ரூபாய்க்கு மேல் செலவு வைத்து, கோயில் நோட்டீஸ்கள், சங்கக் கடிதங்கள் என்று அவர் பாமினி என்ற தமிழ் எழுத்துருவில் பல வருடம் தட்டச்சு செய்து வைத்திருந்ததில் ஒரு பகுதியையும் கொண்டுபோய்விட்டது. நடுவில் வந்த கோபம், அலுப்பு, "ஏன்டா இதில் தலையைக் கொடுத்தோம்" என்ற எண்ணம் எல்லாம் தனிக்கணக்கு. இதே வேலையைத் தன் அப்பாவுக்கோ சித்திக்கோ செய்துகொண்டிருப்பவர்கள் எந்த இடத்தில் எதைக் கவனிக்கலாம் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் வந்த புகார் "நெட் வரலப்பா". பெரியவர்கள் இப்படிச் சொன்னால் அதற்குப் பல அர்த்தம் இருக்கலாம். ரவுட்டர் அணைந்திருக்கலாம், டெஸ்க்டாப்பில் இருந்த குரோம் ஐகான் இடம் மாறியிருக்கலாம், ஒரே ஒரு வங்கித் தளம் மட்டும் திறக்காமல் இருக்கலாம். உடனே "ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்று ஆரம்பிக்க வேண்டாம். மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, வைஃபையில் போனில் வாட்ஸாப் வருகிறதா என்று கேளுங்கள். வந்தால் ரவுட்டர் மேல் குற்றமில்லை, சிஸ்டத்தில்தான் கோளாறு. அடுத்து, திரையில் இருப்பதை விளக்கச் சொல்லாதீர்கள், படித்துக் காட்டச் சொல்லுங்கள். விளக்கச் சொன்னால் "என்னமோ சிவப்பா வருதுப்பா" என்பதுதான் கிடைக்கும். அதைவிட நல்லது போட்டோ. போனைப் படுக்கைவாட்டில் பிடித்து, ஒரு கை தூரத்தில் நின்று, திரை முழுவதும் கீழே உள்ள டாஸ்க்பாரோடு தெரியும்படி எடுக்கச் சொல்லுங்கள். டாஸ்க்பார் ஏன் முக்கியம் என்றால், பெரியப்பா அனுப்பிய படத்தில் பதில் அங்கேதான் இருந்தது. வலது மூலையில் தேதி 2012 என்று காட்டியது. குரோமும் 'உங்கள் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது' என்று ஆங்கிலத்தில் தெளிவாகவே எழுதியிருந்தது, அவர் அதைப் படிக்கவில்லை, அவ்வளவுதான். ஒவ்வொரு தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழுக்கும் இன்ன தேதியிலிருந்து இன்ன தேதி வரை என்று ஆயுள் உண்டு. சிஸ்டம் தன்னை 2012-இல் இருப்பதாக நினைத்தால், இன்றைய சான்றிதழ்கள் எல்லாம் அதன் கண்ணுக்கு இன்னும் பிறக்காதவை. அதனால் எந்தத் தளமும் திறக்காது.

தேதியைத் திருத்தினால் அன்றைக்கு வேலை நடக்கும். மறுநாள் காலை மறுபடி 2012. காரணம், மதர்போர்டில் இருக்கும் சிமாஸ் பேட்டரி. கைக்கடிகார பேட்டரி போல வட்டமாக, கொஞ்சம் பெரிதாக இருக்கும். சி.ஆர். 2032 என்று கேட்டால் 40 ரூபாய்க்குக் கிடைக்கும், 3 வோல்ட். மின்சாரம் இல்லாத நேரத்தில் கடிகாரத்தை ஓடவைப்பதும், சிஸ்டத்தை எழுப்பும் அடிப்படை நிரலான பயாஸின் அமைப்புகளைப் பிடித்துவைத்திருப்பதும் இதுதான். நம் வீடுகளில் இரவு சுவர் சுவிட்சையே அணைத்துவிடும் பழக்கம் உண்டு, அதனால் பேட்டரியின் மீதே முழுப் பாரமும் விழுகிறது, செத்தால் உடனே தெரிந்துவிடுகிறது. மாற்றுவது எளிது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பக்கவாட்டு மூடியைக் கழற்றி, கவ்வியிருக்கும் கிளிப்பை லேசாகத் தள்ளினால் பேட்டரி எழும்பும். கூட்டல் குறி மேலே தெரியும்படி புதியதை அழுத்தினால் முடிந்தது. பிறகு தேதியோடு நேர மண்டலத்தையும் பாருங்கள். 'சென்னை, கொல்கத்தா, மும்பை, புது தில்லி' என்பது தேர்வாகி இருக்க வேண்டும். அமெரிக்க நேரத்தில் நின்றுவிட்டால் மணியைத் திருத்தினாலும் மறுபடி தவறும்.

பலருக்குத் தெரியாத ஆபத்து ஒன்று இதில் இருக்கிறது. பேட்டரி முழுக்கச் செத்தால் தேதி மட்டும் போவதில்லை, பயாஸில் உள்ள எல்லாமே தொழிற்சாலை நிலைக்குத் திரும்பும். ஹார்ட் டிஸ்க் எந்த முறையில் பேச வேண்டும் என்ற அமைப்பும் அதில் ஒன்று. ஏ.ஹெச்.சி.ஐ. என்று இருந்தது ஐ.டி.இ. என்று மாறிவிட்டால், விண்டோஸ் 7 பாதி வழியில் நீலத் திரை காட்டி நின்றுவிடும். அந்தத் திரையில் நீளமாக வரும் பிழை எண் 7பி என்று முடியும். டிஸ்க்கிலோ விண்டோஸிலோ எதுவும் கெட்டிருக்காது. பயாஸில் நுழைந்து அந்த ஒரு வரியைப் பழையபடி மாற்றினால் எழுந்துவிடும். ஆகவே சிஸ்டம் நன்றாக ஓடும்போதே பயாஸ் பக்கங்களைப் போனில் படமெடுத்து வைப்பது நல்லது.

பெரியப்பா "அடுத்த தடவை கடைத்தெருவுக்குப் போகும்போது வாங்கிக்கலாம்" என்று பேட்டரியைத் தள்ளிப்போட, அதற்குள் நீலத் திரை வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் உதவியாக ஒரு சர்வீஸ்காரரை அழைத்துவந்தார். "ஓ.எஸ். கரப்ட் ஆயிடுச்சு சார், ஃபார்மட் பண்ணணும்" என்று சொல்லி 700 ரூபாய் வாங்கிக்கொண்டு விண்டோஸ் 10-ஐ ஏற்றிவிட்டுப் போய்விட்டார். "டேட்டா எல்லாம் டி டிரைவ்ல பத்திரமா இருக்கு" என்றும் சொல்லியிருக்கிறார். ஆனால் டெஸ்க்டாப், டாகுமெண்ட்ஸ், டவுன்லோட்ஸ் மூன்றும் சி டிரைவுக்குள்தான் இருக்கின்றன. பெரியப்பா டி டிரைவ் என்ற ஒன்றைத் திறந்தே பார்த்ததில்லை, அவருடைய எல்லாக் கோப்புகளும் டெஸ்க்டாப்பில். இதைக் கேட்டதும் எனக்கு வந்த ஆத்திரத்தை இங்கே எழுத முடியாது. ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஃபார்மட்டுக்குப் பணம் கொடுக்கத் தயாராக இருக்கும் நாம், இரண்டு மணி நேரம் உட்கார்ந்து காரணத்தைக் கண்டுபிடிப்பதற்குக் கொடுப்பதில்லை. அதனால் அவர்களுக்கும் ஃபார்மட்தான் எல்லா நோய்க்கும் மருந்து. கடைக்கு அனுப்பும் முன் பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியது ஒரே வாக்கியம்: "என் பையன்கிட்ட போன்ல பேசாம ஃபார்மட் பண்ணக் கூடாது." அதையே ஒரு தாளில் எழுதி கேபினட் மேல் ஒட்டிவிட்டால் இன்னும் நல்லது.

ஃபார்மட் ஆனபின் கோப்பு கிடைக்குமா என்றால், பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்காக இருந்தால் ஓரளவு கிடைக்கும். விரைவு ஃபார்மட் கோப்புகளின் அட்டவணையைத்தான் அழிக்கிறது, கோப்புகள் அங்கேயே கிடக்கும். அதன்மேல் புதிதாக எழுதப்படும் விண்டோஸ்தான் உண்மையான எமன். சுழலும் பாகம் இல்லாத எஸ்.எஸ்.டி.யாக இருந்தால் பெரும்பாலும் நம்பிக்கை இல்லை. ட்ரிம் என்ற வேலை, காலியான இடத்தைச் சொல்லிக்கொள்ளாமல் துடைத்துவிடும். ஆகவே தெரிந்த அந்த நிமிடமே சிஸ்டத்தை அணைக்கச் சொல்ல வேண்டும். "கொஞ்சம் தேடிப் பார்க்கறேனே" என்று அவர்கள் திறந்து வைத்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் விண்டோஸ் எதையாவது எழுதிக்கொண்டே இருக்கும். டிஸ்க்கைக் கழற்றி வேறு சிஸ்டத்தில் யு.எஸ்.பி. வழியே மாட்டித்தான் மீட்க வேண்டும். இதற்கான கேபிள் வாங்கும்போது ஒரு விஷயம். லேப்டாப்பில் இருக்கும் இரண்டரை அங்குல டிஸ்க்குக்கு யு.எஸ்.பி. தரும் 5 வோல்ட் போதும். டெஸ்க்டாப்பில் இருக்கும் மூன்றரை அங்குல டிஸ்க்குக்கு 12 வோல்ட் தனியாக வேண்டும். அடாப்டரோடு வரும் கேபிளைக் கேட்டு வாங்க வேண்டும், எனக்கு 900 ரூபாய் ஆயிற்று. அடாப்டர் இல்லாததை மாட்டினால் டிஸ்க் சுழலவே சுழலாது, "டிஸ்க்கும் போச்சு" என்று தவறாக முடிவு கட்டிவிடுவோம்.

மீட்பதற்கு ரெகுவா, ஃபோட்டோரெக் இரண்டும் இலவசம். முன்னது கோப்பின் பெயரோடு எடுத்துத் தர முயலும், அட்டவணை போயிருந்தால் அதிகம் கிடைக்காது. பின்னது அட்டவணையைக் கண்டுகொள்ளாமல் டிஸ்க்கை அடியிலிருந்து நுனிவரை சலிக்கும். அதனால் நிறையக் கிடைக்கும், ஆனால் பெயர் எதுவும் இருக்காது, வெறும் எண்கள். மீட்டதை அதே டிஸ்க்கில் எழுதவே கூடாது. 500 ஜி.பி. டிஸ்க் என்றால் ராத்திரி ஓடவிட்டுப் படுத்துக்கொள்ளலாம். காலையில் ஆயிரக்கணக்கில் பெயரில்லாத கோப்புகள் நிற்கும். அதில் பாதி இணையப் பக்கங்களிலிருந்து வந்த குப்பைப் படங்கள்.

இங்கேதான் பாமினி வந்து சேர்ந்தது. தட்டச்சு உயர்நிலை முடித்த தலைமுறையில் பலர் இன்னும் பாமினியிலோ வானவில்லிலோதான் அடிக்கிறார்கள், பெரியப்பா பாமினி. பழைய டைப்ரைட்டர் விரல் பழக்கத்துக்குப் பெரும்பாலும் பொருந்துவது, தனி மென்பொருள் எதுவும் தேவைப்படாதது, இரண்டும் அதன் பலம். ஆனால் கோப்புக்குள் தமிழ் என்பதே கிடையாது. 'தமிழ்' என்று அடித்தால் உள்ளே பதிவாவது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. அந்த எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் வடிவம் போட்டுக் காட்டுகிறது, அவ்வளவே. எழுத்துரு விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருந்ததால் ஃபார்மட்டில் அதுவும் போனது. மீட்ட கடிதங்களைத் திறந்ததும் பெரியப்பா "எல்லாம் கெட்டுப்போச்சு, இங்கிலீஷா இருக்கு" என்று கலங்கிவிட்டார். எதுவும் கெடவில்லை, எழுத்துருவை நிறுவினால் தமிழாகிவிடும். நிறுவும்போது 'எல்லாப் பயனர்களுக்கும்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஒரு பிரதியை மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள்.

பெயரில்லாத கோப்புகளில் திருவிழா நோட்டீஸை எப்படித் தேடுவது? இதற்கு பாமினியே கைகொடுத்தது. கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகள் என்பதால், தேடல் பெட்டியில் 'திருவிழா' என்று பெரியப்பா வழக்கமாக அடிப்பதுபோலவே அடித்தால் போதும். பெட்டியில் கண்டபடி ஆங்கிலம் தெரியும், கவலைப்பட வேண்டாம், கோப்புக்குள் அதுதான் இருக்கிறது. ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் கோப்பின் உள்ளடக்கத்தையும் தேடும்படி டிக் போட்டிருக்க வேண்டும். போனது போக, முக்கியமான கடிதங்களில் பெரும்பகுதி இப்படித்தான் கிடைத்தது.

இன்னொரு தொல்லை, புது வேர்டில் தானாகவே வந்தது. பத்தி தொடக்கத்தில் 'தமிழ்' என்று அடித்தால் 'துமிழ்' என்று விழுகிறது, 'தலைவர்' 'துலைவர்' ஆகிறார். "கீபோர்டு கெட்டுப்போச்சு" என்றார் பெரியப்பா. கீபோர்டு நன்றாகத்தான் இருந்தது. வாக்கியத்தின் முதல் எழுத்தை வேர்டு தானாகப் பெரிய எழுத்தாக்குகிறது. பாமினியில் சின்ன ஜே 'த', பெரிய ஜே 'து'. அச்சாகி ஒட்டப்பட்ட நோட்டீஸ்களில்கூட இந்தத் 'துமிழ்' அடிக்கடி கண்ணில் படும், காரணம் இதுதான். ஃபைல், ஆப்ஷன்ஸ், ப்ரூஃபிங், ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸ் போய், முதல் எழுத்தைப் பெரிதாக்கும் டிக்கை எடுத்துவிட வேண்டும். அச்சகத்துக்கு அனுப்பும்போது வேர்டு கோப்பாக இல்லாமல் பி.டி.எஃப். ஆக அனுப்பச் சொல்லுங்கள், எழுத்துரு அதற்குள்ளேயே போய்விடும். எழுத்துரு மாறினாலும் தமிழாகவே இருக்கும் யூனிகோடுக்கு மாற்ற நினைத்தால் என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்றவை உண்டு. ஆனால் முழுக் கோப்பையும் போட்டு மாற்றக் கூடாது, நடுவில் இருக்கும் உண்மையான ஆங்கில முகவரிகளும் தமிழ்க் குப்பையாகிவிடும். வேர்டின் தேடல் வசதியில் எழுத்துரு பாமினியாக உள்ள பகுதிகளை மட்டும் தேர்ந்தெடுத்து மாற்றலாம். பெரியவரின் விரல் பழக்கத்தை மட்டும் மாற்றப் பார்க்காதீர்கள். எழுபது வயதுக்கு மேல், தமிழை ஆங்கில உச்சரிப்பில் அடிக்கும் ஃபொனடிக் முறையைக் கற்றுக்கொள்ளச் சொல்வது நம் வசதிக்குத்தான், அவர் வசதிக்கு அல்ல. யூனிகோடே வேண்டுமென்றாலும் டைப்ரைட்டர் அமைப்பிலேயே அடிக்க வழி இருக்கிறது.

பழைய சிஸ்டம் எப்படியும் ஓய்வு பெற வேண்டியதுதான். விண்டோஸ் 7-க்கு ஆதரவு 2020 ஜனவரியிலேயே நின்றுபோனது, அதில் ஓடும் கடைசி குரோம் 109. சர்வீஸ்காரர் போட்ட விண்டோஸ் 10-க்கும் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. தவிர அது திருட்டு நகல். இப்படி ஏற்றிக்கொடுத்த சிஸ்டம் கைக்கு வந்தால் விண்டோஸின் சொந்த வைரஸ் தடுப்பானான டிஃபெண்டருக்குள் போய் 'விலக்கு' பட்டியலைப் பாருங்கள். விண்டோஸின் உரிமப் பூட்டை உடைக்கும் நிரலை வைரஸ் தடுப்பான் தொடாமல் இருக்க, ஒரு ஃபோல்டரையே பார்க்காதே என்று சொல்லி வைத்திருப்பார்கள். விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் பிராசஸர் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை முதல்தான். பெரியப்பாவின் பழைய சிஸ்டத்தில் இருந்த மூன்றாம் தலைமுறை ஐ-3 அதில் நுழையாது. எனவே அலுவலகங்களிலிருந்து வரும் புதுப்பிக்கப்பட்ட டெஸ்க்டாப் ஒன்று, எட்டாம் தலைமுறை, 8 ஜி.பி. ரேம், 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி., உரிமத்தோடு 16,500 ரூபாய்க்கு வாங்கினேன். கடிதம் அடிப்பவருக்கு இது தாராளம். வாங்கிய அன்றே சிமாஸ் பேட்டரியை மாற்றிவிட வேண்டும், அந்தப் பெட்டிகளும் பழையவைதானே. விண்டோஸ் 11 சில கணினிகளில் கேட்காமலே டிஸ்க்கைப் பூட்டி வைக்கும். பயாஸ் மாறினால் ஒருநாள் 48 இலக்க மீட்புச் சாவி கேட்டு நின்றுவிடும். அந்தச் சாவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும், இன்றே அச்செடுத்து பீரோவில் வையுங்கள்.

மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பிடமான ஒன்டிரைவையும் பார்த்துக்கொள்ள வேண்டும். புது விண்டோஸ் டெஸ்க்டாப்பையும் டாகுமெண்ட்ஸையும் சத்தமில்லாமல் அதற்குள் நகர்த்திவிடும். இலவச இடம் 5 ஜி.பி. தான், நிறைந்ததும் "பணம் கட்டு" என்று அறிவிப்பாக வந்து பயமுறுத்தும். ஒன்டிரைவை அணைத்தால் டெஸ்க்டாப்பே காலியானதுபோல் தெரியும். கோப்புகள் பயனர் ஃபோல்டருக்குள் ஒன்டிரைவ் என்ற ஃபோல்டரில் பத்திரமாக இருக்கும், திரும்ப இழுத்துப் போட்டால் சரி. பெரியவர் இதைத் தனியாகச் சந்தித்தால் அடுத்த ஃபார்மட்டுக்கு ஆள் வந்துவிடுவார்.

போனில் வழிகாட்டுவதில் பொறுமை போகும் இடங்கள் சில. "க்ளிக் பண்ணுங்க" என்றால் பெரும்பாலும் இரண்டு முறை தட்டுவார்கள், ஒரே சாளரம் இரண்டாகத் திறக்கும். மெதுவாக இரண்டு தட்டினால் கோப்பைத் திறப்பதற்குப் பதில் அதன் பெயரை மாற்றும் நிலைக்குப் போய்விடும், அடுத்துத் தட்டுவதெல்லாம் பெயராகிவிடும். காணாமல் போனதாகச் சொல்லப்படும் கோப்புகளில் பல இப்படிப் பெயர் மாறியவைதான். மவுஸ் அமைப்பில் இரட்டைச் சொடுக்கின் வேகத்தைக் குறைத்துவையுங்கள், விரல் நடுங்குபவர்களுக்கு அது பெரிய உதவி. திரையின் எழுத்தை 125 அல்லது 150 சதவீதமாக்குங்கள். அன்றாடப் பயன்பாட்டுக்கு நிர்வாகி அல்லாத சாதாரணக் கணக்கே போதும்.

நேரில் பார்ப்பதுபோல் செய்ய விண்டோஸிலேயே குயிக் அசிஸ்ட் இருக்கிறது. கண்ட்ரோல், விண்டோஸ், க்யூ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திறக்கும். உதவுபவர் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து எடுத்துத் தரும் குறியீட்டை அவர்கள் அங்கே அடிக்க வேண்டும், 10 நிமிடத்தில் அது காலாவதியாகும். எதையாவது நிறுவும்போது அனுமதி கேட்கும் பெட்டி வந்தால் நம் பக்கம் திரை கறுத்துவிடும். இணைப்பு அறுந்தது என்று துண்டித்துவிடாமல், "எஸ்னு ஒரு பெட்டி வந்திருக்கும், அதை அழுத்துங்க பெரியப்பா" என்று சொன்னால் போதும்; சாதாரணக் கணக்கென்றால் நிர்வாகியின் கடவுச்சொல்லையும் அடிக்கச் சொல்ல வேண்டும்.

இந்த வசதியைச் சொல்லிக்கொடுக்கும்போதே இதன் ஆபத்தையும் சொல்லாவிட்டால் நாமே திருடனுக்குக் கதவு காட்டியதாகிவிடும். 2019-லேயே, தொலைவிலிருந்து இன்னொருவர் சாதனத்தை இயக்க உதவும் எனிடெஸ்க் போன்ற செயலிகள் வழியாக நடக்கும் மோசடி பற்றி ரிசர்வ் வங்கி எச்சரித்தது. பெரியப்பாவுக்கும் எனக்கும் உள்ள ஏற்பாடு இது: அவர் கூப்பிட்டு நான் உதவினால் மட்டும்தான் குறியீடு அடிக்கலாம். யாராவது தானாக அழைத்து "உங்க கம்ப்யூட்டர்ல வைரஸ்" என்றால், நான் பேசுவதாகவே குரல் கேட்டாலும் வைத்துவிட்டு என் எண்ணுக்குத் திருப்பி அழைக்க வேண்டும். திரை முழுக்க மைக்ரோசாஃப்ட் எச்சரிக்கையும் தொலைபேசி எண்ணும் வந்தால் அது பொய், உண்மையான மைக்ரோசாஃப்ட் எச்சரிக்கையில் தொலைபேசி எண் இருக்காது. எஸ்கேப் விசையைச் சில விநாடி பிடித்திருந்தால் முழுத்திரை விலகும், பிறகு ஆல்ட், எஃப் 4. மூலையில் அடிக்கடி எழும்பும் 'வைரஸ்' அறிவிப்புகள் பெரும்பாலும், ஏதோ ஒரு தளத்துக்கு எப்போதோ 'அனுமதி' என்று அழுத்தியதன் விளைவு. குரோம் அமைப்பில் தள அனுமதிகளுக்குள் அறிவிப்பு என்பதை மொத்தமாக மூடிவிடுங்கள், யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை. பணம் போய்விட்டால் அந்த நிமிடமே சைபர் மோசடிப் புகார் எண் 1930-ஐ அழைக்க வேண்டும்.

செலவுக் கணக்கு: பேட்டரி 40, ஃபார்மட் 700, கேபிள் 900, சிஸ்டம் 16,500, ஆக 18,140 ரூபாய். புது சிஸ்டம் எப்படியும் வாங்கியிருக்க வேண்டியது, அதில் வருத்தமில்லை. வருத்தம், கிடைக்காமலே போன கோப்புகள் மேல்தான். அதனால் இப்போது பின்பிரதி இப்படி நடக்கிறது: டி டிரைவ் என்ற பேச்சே இல்லை, ஒரு வெளி ஹார்ட் டிஸ்க், விண்டோஸின் ஃபைல் ஹிஸ்டரி, டெஸ்க்டாப்பையும் எழுத்துரு வைத்திருக்கும் ஃபோல்டரையும் சேர்த்து. மாதப் பிறப்பன்று பெரியப்பா டிஸ்க்கைச் செருகி, முடிந்ததும் கழற்றி பீரோவில் வைத்துவிட்டு எனக்கு "ஆச்சு" என்று ஒரு செய்தி அனுப்புகிறார். செய்தி வராவிட்டால் நான் கூப்பிடுகிறேன்.